சிறுத்த வயிற்றின் புரதக் கணக்கு

செங்குன்றத்து அரிசி ஆலைகளைக் கடந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் சோழவரம். அதற்கும் வடக்கே காரனோடை, கவரைப்பேட்டை, பிறகு கும்மிடிப்பூண்டி சிப்காட். சென்னைக்கு அரிசி அனுப்பும் ஊரும், இரும்பு உருக்கும் ஊரும் ஒரே சாலையில் இருக்கின்றன. மூட்டை தூக்குகிறவரும் உலை முன்னால் நிற்கிறவரும் இந்தச் சாலையோரத்தில் பல தலைமுறையாக நம்பி வந்தது ஒன்றைத்தான்: வயிறு நிறையச் சோறு.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 8 கிராம் புரதம் உண்டு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் வேண்டும், அதை அரிசி மட்டுமே தர வேண்டும் என்றால், 750 கிராமுக்கு மேல் அரிசி உலையில் போட வேண்டும். வடித்தால் இரண்டு கிலோவுக்குக் குறையாத சோறு. அதோடு சேர்ந்து உள்ளே போவது 2,700 கலோரி. நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவருக்கு அது நியாயமான அளவுதான். சோற்றில் புரதம் குறைவு என்பது அவருக்கு உறைத்ததில்லை, ஏனென்றால் அளவு அந்தக் குறையை ஈடுகட்டியது. பருப்பும் மீனும் தொட்டுக்கொள்ளக் கிடைத்தால் புரதத்தின் தரமும் கூடியது.

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை அந்த அளவைத்தான் பறிக்கிறது. சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவரின் வயிற்றில் ஒரு வேளைக்கு அரை டம்ளர் உணவு இறங்கினால் பெரிது. பழைய சாப்பாட்டையே சின்னதாக்கிச் சாப்பிட்டால் கலோரி குறையும், எடையும் குறையும். கூடவே புரதமும் குறைந்துபோகும். இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

இது யாரோ சிலருடைய பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இந்த எண்கள் 30-ஐ ஒட்டியே இருந்தன. இவர்களில் மிகச் சிலருக்கே அறுவை தேவைப்படும். ஆனால் ஆசியர்களுக்கு உடல் நிறை எண் 27.5-ஐத் தாண்டினாலே அறுவையைப் பற்றி யோசிக்கலாம் என்று 2022இல் உலகளாவிய அறுவை நிபுணர் சங்கங்கள் வழிகாட்டுதலைத் திருத்தின. சென்னையின் தனியார் மருத்துவமனைகளில் மட்டுமின்றி அரசு மருத்துவமனைகளிலும் இன்று இந்தச் சிகிச்சை நடக்கிறது. சோழவரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். சிகிச்சைக்குப் பிந்தைய உணவு நெடுநாள் கவனம். அதைச் சோழவரத்து அடுப்படியில்தான் நடத்தியாக வேண்டும்.

அறுவையில் என்ன நடக்கிறது? பரவலாகச் செய்யப்படும் ஸ்லீவ் முறையில் இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, முக்கால் பங்குக்கு மேல் வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு குழாய். கொள்ளளவு 100 முதல் 150 மில்லி லிட்டர். வெட்டி எடுக்கப்படும் மேல்பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவில் சுரக்கிறது. 1999இல் ஜப்பானின் கோஜிமாவும் கங்கவாவும் கண்டுபிடித்த ஹார்மோன் அது. ஆகவே வயிறு சிறுக்கும்போது பசியும் சேர்ந்தே குறைகிறது. எடை குறைய அது உதவி. புரதத்துக்கோ அது எமன்: பசிக்காத மனிதர் சாப்பிட மறந்துபோகிறார்.

பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்நுனியில் சுமார் 30 மில்லி லிட்டர் பிடிக்கும் ஒரு சிறு பை மட்டும் விடப்படுகிறது. அதை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியில் இணைத்துவிடுகிறார்கள். புரதம் செரிக்கும் விதத்தை நினைத்துப் பார்த்தால் இதன் விளைவு புரியும். அமிலமும் பெப்சினும் புரதத்தின் முறுக்கைத் தளர்த்துகின்றன. முன்சிறுகுடலில் கணையத்தின் டிரிப்சின் வந்து துண்டு துண்டாக வெட்டுகிறது. பைபாஸ் ஆனவருக்கு அமிலம் சொற்பம். கணைய நீர் தனி வழியில் இறங்கி, வெகுதூரம் தள்ளித்தான் உணவைச் சந்திக்கிறது. செரிமானம் நடக்கத்தான் செய்கிறது, ஆனால் அதற்குக் கிடைக்கும் குடல் நீளம் குறைவு. சுற்றுவழி நீள நீளப் புரதக் குறைவும் கூடும்.

இந்தப் பாடத்தை மருத்துவம் நோயாளிகளின் உடலில்தான் கற்றது. 1954இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமனும் லின்னரும் சிறுகுடலின் பெரும்பகுதியைச் சுற்றிவிடும் அறுவையை வெளியிட்டார்கள். வயிறு பழைய அளவிலேயே இருக்கும், தின்றது உடலில் ஒட்டாது. எடை இறங்கியது. கூடவே கல்லீரல் கெட்டது, புரதம் வற்றியது, உடல் வீங்கியது. அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் அந்த முறை கைவிடப்பட்டது. 1966இல் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் இரைப்பையைச் சிறிதாக்கும் வழியைத் தொடங்கினார். இன்றைய முறைகள் பெரும்பாலும் அந்த வழியில் வளர்ந்தவை, முன்னதைவிடப் பலமடங்கு பாதுகாப்பானவை. இருந்தும் 1954இன் எச்சரிக்கை காலாவதியாகவில்லை.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு நெடிய முன்கதை உண்டு. நம் ஊட்டச்சத்து அறிவியலின் தொட்டில் நீலகிரியின் குன்னூர். 1918இல் அங்கே பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. மெக்காரிசன் 1920-களில் செய்த எலிச் சோதனை புகழ்பெற்றது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய் என்று தின்ற ‘சீக்கிய’ எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்து முதலிடம் பிடித்தன. சென்னை மாகாணத்து உணவைத் தின்ற எலிகள் கடைசி. புரதம் ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது, வைட்டமினும் தாதுவும் சேர்ந்த குறை அது. ஆனாலும் தீட்டிய அரிசியை நடுவில் வைத்த தட்டின் பலவீனம் அன்றே எடைத்தட்டில் தெரிந்துவிட்டது.

அடுத்த தலைமுறையில் சேலத்தில் பிறந்த சி. கோபாலன் வந்தார். குன்னூர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து, பிறகு ஹைதராபாத் நிறுவனத்தின் இயக்குநராக 1974 வரை இருந்தவர். நம் உணவியலாளர்கள் நெடுங்காலம் புரட்டிய உணவு அட்டவணைகள் அவர் காலத்தில் உருவானவை. 1950-களிலும் 60-களிலும் உலகமே ‘புரதப் பஞ்சம்’ என்று பேசிக்கொண்டிருந்தது. குழந்தைகளின் கால் வீங்கி, தலைமயிர் வெளுக்கும் குவாஷியோர்கர் நோய்க்கு மருந்து புரத மாவுதான் என்று ஐ.நா. அமைப்புகள் நம்பின. கோபாலன் கிராமத்துக் குழந்தைகளின் உணவை அளந்து பார்த்தார். வீங்கிய குழந்தையும் வற்றி மெலிந்த குழந்தையும் சாப்பிட்டது ஏறக்குறைய ஒரே உணவு. குறை முதலில் மொத்த உணவில் இருந்தது. போதிய கலோரி இல்லாதபோது, உடல் தின்ற புரதத்தையும் விறகாக எரித்துவிடுகிறது. நம் கஞ்சியையும் பருப்பையும் வயிறாரக் கொடுத்தால் புரதமும் தானே போதுமானதாகிவிடும் என்பது அவர் வந்து சேர்ந்த இடம். 1974இல் லான்செட் இதழில் டொனால்ட் மெக்லாரன் ‘மாபெரும் புரதத் தோல்வி’ என்று எழுதும்போது, கோபாலனின் தரப்பு பெருமளவு வென்றிருந்தது.

அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. முதல் சில மாதங்களில் அவர் உள்ளே அனுப்ப முடிவது ஒரு நாளைக்கு 600 முதல் 900 கலோரி. கலோரியை நிரப்பிப் புரதத்தைக் காப்பாற்றலாம் என்பதற்கு அங்கே இடமே இல்லை. சிகிச்சையின் நோக்கமே கலோரியைக் குறைப்பது. ஆகவே எந்த உணவில் குறைந்த கனஅளவில் அதிகப் புரதம் இருக்கிறதோ அதைத் தட்டில் முதலில் வைக்க வேண்டும். கோபாலன் காட்டிய உடலியல் அப்படியேதான் இருக்கிறது. அதிலிருந்து வரும் நடைமுறைதான் தலைகீழாகிறது. அரிசி உண்ணும் ஒரு குடும்பத்தில் இதைப் புரியவைப்பது எளிதல்ல, ஆனால் புரியவைத்தே ஆக வேண்டும்.

கொழுப்பில் அவரிடம் தட்டுப்பாடு கிடையாது. கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு கிலோ கொழுப்புத் திசுவும் சுமார் 7,700 கலோரி. எரிபொருள் அவ்வளவு இருக்கும்போது புரதம் ஏன் எரிகிறது? மூளைக்கும் இரத்தச் சிவப்பணுவுக்கும் குளுக்கோஸ் வேண்டும். கொழுப்பு அமிலத்திலிருந்து உடலால் குளுக்கோஸ் செய்ய முடியாது, புரதத்தின் அமினோ அமிலங்களிலிருந்து முடியும். பட்டினி நீண்டால் மூளை கீட்டோன்களுக்குப் பழகி இந்தத் தேவையைக் குறைத்துக்கொள்கிறது, ஆனால் முழுக்க நிறுத்துவதில்லை. அந்த அமினோ அமிலங்கள் எங்கிருந்து வரும்? சோழவரம் ஏரியில் ஒரு டி.எம்.சி. தண்ணீரைத் தேக்கிவைத்து, வேண்டியபோது புழல் ஏரிக்குத் திறந்துவிடலாம். உடலுக்குக் கொழுப்பில் அப்படி ஓர் ஏரி உண்டு, புரதத்தில் கிடையாது. உடலில் உள்ள பத்துப் பதினோரு கிலோ புரதமும் ஏதாவதொரு வேலையில் இருப்பதுதான்: தசை, இதயம், நொதி, நோய் எதிர்ப்பு அணு. எடுத்தால் ஏதோ ஒரு வேலையிலிருந்துதான் எடுக்க வேண்டும். முதலில் கைவைப்பது தொடைத் தசையில்.

இதனால்தான் எடை பார்க்கும் எந்திரத்தை மட்டும் நம்பக்கூடாது என்கிறேன். இறங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கு, சிலருக்கு அதற்கு மேலும், கொழுப்பல்லாத திசு. அதில் ஓரளவு தவிர்க்க முடியாதது, பெருத்த உடலைத் தாங்கிய தசைக்கு இனி அவ்வளவு வேலை இல்லை. மிஞ்சிய இழப்பு தவிர்க்கக்கூடியது. இரத்தத்தில் அல்புமின் பார்த்து ‘நார்மல்’ என்று வந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். அல்புமினின் அரை ஆயுள் ஏறத்தாழ 20 நாள். தசை கரைந்து வெகுநாள் ஆன பிறகே அது இறங்கத் தொடங்கும். அதைவிட முன்னதாகவே உடல் வேறு விதத்தில் சொல்லிவிடும்: தரையில் உட்கார்ந்தவர் கை ஊன்றாமல் எழ முடியவில்லை, பேருந்துப் படி ஏறத் தொடை நடுங்குகிறது, புண் ஆறத் தாமதமாகிறது, கால் வீங்கி விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. மூன்றாம் மாதத்தில் சீப்போடு கொத்துக் கொத்தாக வரும் முடியைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் பதறுகிறார்கள். அந்த முடி உதிர்வுக்கு அறுவையின் அதிர்ச்சியும் எடையிழப்பின் வேகமும் பங்காளிகள், புரதமும் இரும்பும் துத்தநாகமும் சரியாக இருந்தால் சில மாதங்களில் மீண்டும் வளர்ந்துவிடும். முடி திரும்பி வரும். தொடைத் தசை தானாக வராது.

அளவு என்ன? நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்தபடி, ஆரோக்கியமான ஒருவருக்குக் கிலோவுக்கு 0.83 கிராம்: ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம், பெண்ணுக்கு 46 கிராம். அறுவைக்குப் பிறகு குறைந்தது 60 கிராம், தேவைக்கேற்ப உயரத்துக்கு உரிய இலட்சிய எடையில் கிலோவுக்கு 1.5 கிராம் வரை என்று அறுவை நிபுணர்களின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த எண்ணைத் தாங்களாகக் கூட்டக்கூடாது, அவர்களுக்கான அளவை மருத்துவர் தனியாகச் சொல்ல வேண்டும்.

இனி அடுப்படிக்கு வருவோம். முதல் இரண்டு வாரம் திரவம், அடுத்த இரண்டு வாரம் மசித்தது, பிறகு குழைவானது, ஆறு எட்டு வாரத்தில் திட உணவு என்பது பொதுவான வரிசை. நம் வீடுகளில் சிக்கல் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. “வயித்த வெட்டுன உடம்பு, கொஞ்சமா கஞ்சி குடிம்மா” என்பார் மாமியார். அந்த அன்பில் குறை சொல்ல எதுவுமில்லை. கஞ்சியில்தான் குறை. 30 கிராம் அரிசி கரைந்த ஒரு கிண்ணம் கஞ்சியில் இரண்டரை கிராம் புரதம்கூட இல்லை. கேழ்வரகுக் கூழ் என்றாலும் கதை அதுதான், கால்சியம் கூடுமே தவிரப் புரதம் கூடாது. இளநீரில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. ரசம் நாக்குக்கு இதம், அவ்வளவே.

பருப்புத் தண்ணியைப் பற்றிப் பெரும் நம்பிக்கை இருக்கிறது. துவரம் பருப்பில் 100 கிராமுக்கு 21 கிராமுக்கு மேல் புரதம் என்பது உண்மை. ஆனால் வேகும்போது அந்தப் புரதத்தில் பெரும்பகுதி உறைந்து பருப்போடு அடியில் தங்கிவிடுகிறது. மேலே தெளிந்து நிற்பதை மொண்டு கொடுத்துவிட்டு, அடியில் கிடக்கும் மசியலை மற்றவர்களின் சாம்பாருக்கு அனுப்பினால், மருந்தைக் கொட்டிவிட்டுப் புட்டியைக் கழுவிக் கொடுத்த கணக்காகிவிடும். பருப்பை மிக்ஸியில் நைசாக அரைத்து, வடிகட்டித் தேவையான அளவு நீர் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது ஆட்டுக்கால் சூப். எலும்பு முறிந்தவர், பிள்ளை பெற்றவர், காய்ச்சலில் எழுந்தவர் என்று எல்லாருக்கும் அதுதான் பலம் என்கிறோம். காலில் இருக்கும் தோலும் நரம்பும் குருத்தெலும்பும் கொதித்துக் கரைந்து ஜெலட்டின் ஆகின்றன, ஆறினால் சூப் உறைவது அதனால்தான். ஜெலட்டினும் புரதம்தான். ஆனால் அதில் டிரிப்டோஃபான் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் துளிகூட இல்லை. தசையைக் கட்ட எல்லா அமினோ அமிலமும் ஒரே நேரத்தில் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸின் ஏழைகளுக்கு எலும்பு ஜெலட்டினை உணவாகக் கொடுக்கலாமா என்று ஆராய பிரெஞ்சு அறிவியல் கழகம் ஒரு குழு அமைத்தது. தலைவர் மாஜாந்தி. ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் மெலிந்து செத்தன என்று 1841இல் அறிக்கை வந்தது. அதே தவறு 1970-களில் அமெரிக்காவில் திரும்ப நடந்தது. ‘திரவப் புரத’ உணவுமுறை என்ற பெயரில் கொலாஜனைக் கரைத்து விற்றார்கள், அதை மட்டுமே குடித்து எடை குறைத்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் 1977-78இல் இறந்தார்கள், பலர் இதயத் துடிப்பு தாறுமாறாகி. இன்று கடைகளிலும் கைப்பேசியிலும் அழகுக்காக விற்கப்படும் கொலாஜன் பவுடரை அறுவை முடிந்தவர் தன் 60 கிராமில் சேர்த்துக் கணக்கிடக்கூடாது. ஆட்டுக்கால் சூப்பை ருசிக்காகக் குடிக்கலாம், பலத்துக்காக அதையே நம்ப வேண்டாம்.

பச்சை முட்டைக்கும் இந்த நாட்டில் மவுசு அதிகம். முட்டைக்கு நாமக்கல்லை வைத்திருக்கிற மாநிலம் நாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், தரத்தில் அதை மிஞ்ச அனேகமாக எதுவும் இல்லை. ஆனால் வேக வைத்தால்தான். 1998இல் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் அளந்தபோது வெந்த முட்டைப் புரதத்தில் 91 விழுக்காடு செரித்தது, பச்சை முட்டையில் 51 விழுக்காடு. வெள்ளைக்கருவில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் ஒன்று இருக்கிறது, சூடு அதன் வாயை அடைக்கிறது. அமிலமும் குறைந்து குடல் வழியும் சுருங்கியவருக்குப் பச்சை முட்டை இரட்டை நஷ்டம். கிருமித் தொற்றுப் பயமும் கூடவே இருக்கிறது. கடினமாக அவித்த மஞ்சள்கரு நெஞ்சில் அடைக்கும். எண்ணெய் அதிகமில்லாமல் ஈரமாகக் கிண்டிய பொடிமாஸ் நல்லது.

குறைந்த இடத்தில் நிறையப் புரதம் வேண்டும், அது மெத்தென்றும் இருக்க வேண்டும். நம் சமையலில் அதற்குப் பஞ்சமில்லை. அரை லிட்டர் பசும்பாலில் 16 கிராம் புரதம். அதைக் காய்ச்சி உறைகுத்தி, தயிரை வெள்ளைத் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டால் நாலைந்து மணி நேரத்தில் பச்சை நீர் வடிந்து, சுமார் 200 கிராம் கட்டித் தயிர் மிஞ்சும். புரதம் நீரோடு போய்விடாதா என்று கேட்கலாம். பால் நன்கு காயும்போது, அதில் மிதக்கும் மோர்ப் புரதத்தின் பெரும்பகுதி கேசினோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் துணியில் 14 கிராமுக்குக் குறையாமல் தங்கும். வடிந்த நீரோடு போவது பால் சர்க்கரையான லாக்டோஸ். அறுவைக்குப் பிறகு பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று சொல்கிறவர்களுக்கு இந்தத் தயிர் ஒத்துக்கொள்வதற்கு அதுதான் காரணம். பால் காயாமல் உறைய வைத்தால் இந்த ஆதாயம் இல்லை.

கோழிக்கறியைவிட மீன் ஏன் எளிதில் இறங்குகிறது? கோழியின் நெஞ்சுக் கறியில் நார் நீளம், வெந்ததும் ஈரம் வற்றி இறுகும், குறுகிய குழாயில் சிக்கும். மீனின் தசை சிறுசிறு அடுக்குகளாக அமைந்தது. அடுக்குகளை ஒட்டியிருக்கும் கொலாஜன் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடுகிறது, விரலால் தொட்டாலே உதிர்கிறது. பழவேற்காட்டு ஏரி இந்த வட்டாரத்துக்குப் பக்கத்தில் இருப்பது பெரும் பேறு: மடவை, கிழங்கான், இறால். பொன்னேரி சந்தையில் அதிகம் விலைபோகாத சின்ன மீனிலும் 100 கிராமுக்கு 18 முதல் 20 கிராம் புரதம் இருக்கிறது. பிள்ளை பெற்ற வீடுகளில் செய்யும் சுறாப் புட்டு, மசித்த உணவுக் கட்டத்துக்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது: அவித்து, தோல் உரித்து, உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் போட்டுக் கிளறியது. சுறா பெரிய மீன், பாதரசம் சேர்ந்திருக்கும், ஆகவே எப்போதாவது மட்டும், கருவுற்றவர்களுக்கு வேண்டாம்.

மீனும் முட்டையும் தொடாதவர்களுக்கு மீல் மேக்கர் இருக்கிறது. எண்ணெய் எடுத்த சோயாவில் செய்யப்படும் அதில் பாதி எடை புரதம். 20 கிராம் உருண்டையை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, கூட்டில் சேர்த்தால் 10 கிராம் கிடைத்துவிடும். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு, இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும் என்பது பழைய பாடம். வயிறு சிறுத்தவருக்கு அந்தக் கூட்டில் பருப்பின் பங்கு பெரிதாக இருக்க வேண்டும், சோறு இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம், அதையும் கடைசியில் சாப்பிட வேண்டும்.

இரண்டு மூன்று மாதம் ஆனவரின் ஒரு நாளை எழுதிப் பார்க்கிறேன். காலையில் ஒரு முழு முட்டையும் இரண்டு வெள்ளைக்கருவும் சேர்த்த பொடிமாஸ், 13 கிராம். முற்பகலில் 150 மில்லி பாலில் இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால்பவுடர், 10. மதியம் 75 கிராம் மீனும் ஒரு கரண்டி கெட்டிப் பருப்பும், 18. மாலையில் கட்டித் தயிர் 100 கிராம், 7. இரவு மீல் மேக்கர் போட்ட பருப்புக் கூட்டு, 13. படுக்கும் முன் 100 மில்லி பால், 3. கூட்டினால் 64. எந்த வேளையும் அரை டம்ளரை வெகுவாகத் தாண்டவில்லை. விலை உயர்ந்தது எதுவும் இதில் இல்லை.

புரதப் பவுடரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் வாரங்களில், வாய் வழியே திரவம் மட்டுமே இறங்கும்போது, மருத்துவமனை உணவியலாளர் சொல்லும் மோர்ப் புரதப் பவுடர் பெரிய ஆறுதல். 25 கிராம் மோர்ப் புரதத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் இரண்டரை கிராம் அளவுக்கு இருக்கிறது. தசையைக் கட்டத் தொடங்கு என்று உயிரணுவுக்குச் சமிக்ஞை கொடுப்பது அந்த லூசின்தான். அதற்கு அடுத்த சமிக்ஞை உழைப்பு. மருத்துவர் அனுமதித்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், நீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவதும்கூடத் தசையை நிறுத்திவைக்கும். நடை மட்டும் போதாது.

சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கு இன்னொரு தடை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தொழிலாளரை அரைமணி இடைவேளைக்குப் பழக்கிவிட்டது. அறுவை முடிந்தவர் ஒரு கிண்ணம் உணவை மென்று கூழாக்கி விழுங்கவே இருபது முப்பது நிமிடம் ஆகும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது, அரைமணி கழித்தே குடிக்கலாம். கேன்டீன் வரிசையில் நின்று தட்டு வாங்கினால் அதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. தட்டில் விழுவதோ சோறு மலைபோல, சாம்பார் தெளிவாக, பொரியல் ஒரு கரண்டி, அப்பளம் ஒன்று. வேக வேகமாக விழுங்கினால் அடைக்கும், வாந்தி வரும், அடுத்த வேளை பயத்தில் சாப்பிடவே மாட்டார். நிர்வாகம் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வரிசையில் நிற்காமல் உட்கார அனுமதியும், ஷிப்டின் நடுவில் பத்து நிமிடம் இன்னொரு சிறு இடைவேளையும், வீட்டுப் பெட்டியை வைக்க ஒரு குளிர்பெட்டியும் போதும். கேன்டீன் ஒப்பந்தத்தில் தினமும் அவித்த முட்டையும் கெட்டித் தயிரும் இருந்தால் அறுவை செய்யாத தொழிலாளருக்கும் அது நல்லதுதான். இரவு ஷிப்ட் ஆனால் மேலே எழுதிய அட்டவணையைப் பன்னிரண்டு மணி நேரம் தள்ளிக்கொள்ள வேண்டும், வேளைகளின் எண்ணிக்கையைக் குறைக்கக்கூடாது.

வாந்தியைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மெக்காரிசன் குன்னூரில் தேடிவந்த பெரிபெரியின் காரணம் தயாமின் என்ற பி1 வைட்டமின் இல்லாமை. நெல்லை அவித்துக் குத்தும்போது தவிட்டிலிருந்த தயாமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கலரிசி தின்றவர்களைப் பெரிபெரி அவ்வளவாக அண்டாததற்கு அதுவே காரணம். செங்குன்றத்து ஆலைகளின் புழுங்கலரிசிக்கும் அந்த நற்பெயரில் பங்கு உண்டு. ஆனால் உடலில் தயாமின் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். சாப்பாடு இறங்காமல் நாள்கணக்கில் வாந்தி எடுப்பவருக்கு அது தீர்ந்து, நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், பேச்சு குழறும். அந்த நிலையில் தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ட்ரிப் மட்டும் ஏற்றினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் ஆகலாம்.

அறுவை சென்னையில் நடந்திருக்கும். நள்ளிரவில் வாந்தி என்றால் போகிற இடம் பக்கத்து ஊர் கிளினிக். அங்கே இருப்பவருக்கு இந்தக் கதை தெரியாது, சோர்ந்துபோனவருக்கு ஒரு பாட்டில் ட்ரிப் போடுவது வழக்கம். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரு நகலைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். “எனக்கு வயிற்றைச் சிறிதாக்கும் அறுவை நடந்திருக்கிறது, முதலில் பி1 ஊசி போடுங்கள், பிறகு குளுக்கோஸ் ஏற்றலாம்” என்று கூட வருகிறவர் சொல்லட்டும். வாந்திக்கு என்ன காரணம், எங்கே அடைப்பு என்பதை அறுவை செய்த மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு, உணவை மறுபடி திரவத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அன்றைக்கும் முதலில் உள்ளே போவது கஞ்சியாக இல்லாமல், பால்பவுடர் கலந்த பாலாகவோ அரைத்த பருப்பாகவோ இருக்கட்டும்.